கிறிஸ்துமஸ் மரத்தில் கூன்வண்டு: பெயர் வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் ஆலய வளாகங்களிலும் வீட்டு முற்றங்களிலும் கிறிஸ்துமஸ் மரம் என்ற பெயரில் அரவுக்கேரியா நிற்கிறது. அதன் கிளையில் சாம்பல் நிறத்தில், முகம் மூக்குபோல நீண்ட சிறு வண்டு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கைபேசியில் படம் எடுத்து இனங்காணும் செயலியில் ஏற்றினால், ஐரோப்பியப் பைன் காடுகளின் கூன்வண்டு ஒன்றின் பெயர் முதலில் வந்து நிற்கக்கூடும். அந்தப் பெயரோடு படம் நான்கு குழுக்களுக்குப் போய்விட்டால், 'குமரிக்கு வெளிநாட்டுப் பூச்சி வந்துவிட்டது' என்ற பேச்சும் 'எந்த மருந்து அடிக்க வேண்டும்?' என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும்.

இந்தக் குழப்பத்தில் மூன்று தனிக் கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. மரம் எது? வண்டு எது? இரண்டுக்கும் என்ன உறவு? முதல் இரண்டுக்கும் சரியான விடை கிடைத்த பிறகும் மூன்றாவதில் தவறுகிறவர்கள் ஏராளம். மரத்தின் மேல் இருந்த வண்டு என்பது ஒரு தகவல். மரத்தைத் தின்று வாழும் வண்டு என்பது வேறொரு தகவல். முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதை எழுதுவதால்தான் தவறான பதிவுகள் பிறக்கின்றன.

## முதலில் மரம்

கூம்பு காய்க்கும் மரங்களை நாம் ஊசியிலை மரங்கள் என்கிறோம். குமரி மாவட்டத்தில் இந்தச் சொல்லே வழி தவறச் செய்யும். இங்கே ஊசியிலை மரம் போலத் தோன்றுவதெல்லாம் அந்த வகையைச் சேர்ந்ததில்லை. அந்த வகையைச் சேர்ந்த மண்ணின் மரமோ அப்படித் தோன்றுவதில்லை.

1. சவுக்கு. கடற்கரையோரம் வரிசையாக நிற்கும் சவுக்கு பூக்கும் தாவரம்; பைனுக்கு உறவில்லை. பச்சை 'ஊசி' ஒன்றை இரு முனையிலும் பிடித்து இழுத்தால் கணுக் கணுவாகக் கழன்று வரும். ஒவ்வொரு கணுவையும் சுற்றி மிகச் சிறிய பற்கள் இருக்கும். அவைதான் அதன் இலைகள். ஊசியாகத் தெரிவது தண்டு. கூம்பு போன்ற காய்க்குள் இருப்பவை இறகுள்ள சிறு கனிகள். சவுக்கில் கண்ட வண்டை ஊசியிலை மரப் பதிவாக எழுதினால் பதிவு முழுவதும் வீண்.

2. நாகேயா வல்லிச்சியானா. தென்னிந்திய மலைகளுக்குச் சொந்தமான ஒரே ஊசியிலை வகை மரம் இது. அகத்தியமலைத் தொடரின் மழைக்காடுகளில் வளர்கிறது. இலை ஊசியாக இருக்காது: அகன்று, பளபளப்பாக, எதிரெதிராக அமைந்திருக்கும். நடு நரம்பு கிடையாது. நுண்ணிய நரம்புகள் காம்பிலிருந்து நுனிவரை இணையாக ஓடும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காட்டில் இதன் மேல் ஒரு கூன்வண்டைப் பார்த்தவர் 'ஏதோ அகன்ற இலை மரம்' என்று எழுதிவிட்டால், மதிப்புமிக்க ஒரு பதிவு கண்ணெதிரே தொலைந்துவிடும்.

3. அரவுக்கேரியா. கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் இரண்டு இனங்கள்: நார்ஃபோக் தீவைச் சேர்ந்த அரவுக்கேரியா ஹெட்டெரோஃபில்லா, நியூ கலிடோனியாவைச் சேர்ந்த அரவுக்கேரியா காலம்னாரிஸ். வளர்ந்த பிறகு முன்னது அகன்ற கோபுரமாகவும் பின்னது ஒடுங்கிய தூணாகவும் நிற்கும். சிறு தொட்டிச் செடியில் பிரித்தறிவது கடினம். அப்போது 'அரவுக்கேரியா, இனம் உறுதியில்லை' என்று எழுதுவதே சரி.

4. துஜா. விசிறியை நிமிர்த்தி வைத்ததுபோலத் தட்டையான கிளைகளும் செதில் இலைகளும் கொண்ட தோட்டச் செடி. இதுவும் ஊசியிலை வகைதான்.

ஈந்து என்று இங்கே அழைக்கப்படும் சைகஸ் வகைகளிலும் கூம்பு உண்டு. ஆனால் அவை தனிக் குழு. பைன் மரம் தென்னிந்திய மலைகளில் இயற்கையாக இல்லை. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் இருப்பவை நட்டு வளர்த்தவை. ஆகவே பைன் மரத்தையே நம்பி வாழும் ஒரு வண்டு குமரியில் இருக்கிறது என்று எவராவது சொன்னால், அது எதைத் தின்று பிழைக்கிறது என்ற கேள்வி உடனே எழ வேண்டும்.

மரத்துக்கு மூன்று படங்கள் போதும்: முழு உருவம், கை நீளக் கிளை ஒன்று, இலை அல்லது கூம்பின் நெருக்கப் படம். வண்டை மட்டும் பத்துக் கோணத்தில் எடுத்துவிட்டு மரத்தை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

## கூன்வண்டு என்றால் எது?

கூன்வண்டுகள் குமரி மக்களுக்குப் புதிதில்லை. தென்னையின் குருத்தைச் சாய்க்கும் சிவப்புக் கூன்வண்டு, வாழையின் கிழங்கையும் தண்டையும் துளைக்கும் இரண்டு கூன்வண்டுகள், மாங்கொட்டைக்குள் இருக்கும் வண்டு, அரிசிப் பானையில் ஊரும் வண்டு எல்லாம் இந்தக் கூட்டம்தான். உலகில் 60,000-க்கும் மேற்பட்ட இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. அதனால் 'இதே மாதிரி ஒன்று இணையத்தில் இருக்கிறது' என்பது இனங்காணலுக்கு ஆதாரம் ஆகாது.

பெரும்பாலான கூன்வண்டுகளைப் பின்வரும் அடையாளங்களால் அறியலாம்.

1. மூக்கு. தலையின் முன்பகுதி நீண்டிருக்கும். அதன் நுனியில்தான் வாய். உறிஞ்சும் குழல் என்று பலர் நினைக்கிறார்கள். நுனியில் கடிக்கும் தாடைகள் இருக்கின்றன. நீள்மூக்கு இனங்கள் பலவற்றில் பெண் வண்டு மூக்கால் துளையிட்டு அதற்குள் முட்டை வைக்கும்.

2. முழங்கை போல மடங்கும் உணர்கொம்பு. முதல் கணு நீளம், அடுத்த கணுக்கள் சிறியவை, நுனியில் குண்டு. முதல் கணு மடங்கி ஒடுங்க மூக்கின் பக்கவாட்டில் ஒரு பள்ளம் உண்டு. அந்தப் பள்ளம் மேல்நோக்கி இருக்கிறதா, பக்கவாட்டில் இருக்கிறதா என்பது பேரினத்தைப் பிரிக்க உதவும்.

3. பாதம். மேலோட்டமாகப் பார்த்தால் நான்கு கணுக்கள் தெரியும். உண்மையில் ஐந்து. மூன்றாவது கணு இரண்டு மடல்களாக விரிந்திருக்க, மிகச் சிறிய நான்காவது அதற்குள் ஒளிந்திருக்கும்.

4. புழு. காலில்லை. வெள்ளை உடல், பழுப்புத் தலை, வளைந்த வடிவம். மார்பில் மூன்று இணைக் கால்கள் இருந்தால் அது கூன்வண்டின் புழு இல்லை.

மூக்கு இருக்கிறது, உணர்கொம்பு மடங்காமல் நேராக இருக்கிறது என்றால் உறவினர் குடும்பங்களை நினைக்க வேண்டும். சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் துளைக்கும் சைலஸ் ஃபார்மிகேரியஸ், உலர்ந்த மரச்சீனித் துண்டுகளில் வரும் அரேசெரஸ் ஃபாசிகுலேட்டஸ் இரண்டும் அப்படிப்பட்டவை. கூன்வண்டு என்று வழக்கில் அழைப்பதில் குற்றமில்லை. பதிவேட்டில் குடும்பம் மாறும்.

மறுபக்கம், மூக்கே தெரியாமல் உருளை வடிவில் 2 முதல் 5 மில்லிமீட்டர் நீளமுள்ள பட்டை வண்டுகளை இன்றைய வகைப்பாடு கூன்வண்டுக் குடும்பத்துக்குள்ளேயே வைக்கிறது. பட்டையில் குண்டூசித் தலை அளவுத் துளைகளும் மரத்தூளும் இருந்தால் இவற்றைத் தேட வேண்டும்.

## நீள்மூக்கா, குறுமூக்கா?

நிறத்தையும் அளவையும் பார்க்கும் முன் மூக்கின் நீளத்தைப் பாருங்கள். வாழ்க்கை முறையே அதில் தெரிந்துவிடும்.

ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் பைன் நாற்றுகளை அழிப்பது ஹைலோபியஸ் அபியெட்டிஸ் என்ற நீள்மூக்கு வண்டு. 8 முதல் 14 மில்லிமீட்டர் நீளம். கரும்பழுப்பு உடலில் மஞ்சள் செதில் திட்டுகள். வெட்டிய மரத்தின் அடிக்கட்டையிலும் வேரிலும் புழு வளரும்; வளர்ந்த வண்டு புது நாற்றின் பட்டையைக் கொறிக்கும். அதோடு குழப்பிக்கொள்ளப்படும் பேரினம் பிஸ்ஸோடிஸ். பிரிக்க ஒரே இடத்தைப் பார்த்தால் போதும்: உணர்கொம்பு மூக்கின் நுனியருகே தொடங்கினால் ஹைலோபியஸ், நடுப்பகுதியில் தொடங்கினால் பிஸ்ஸோடிஸ். வட அமெரிக்காவில் வெள்ளைப் பைனின் உச்சிக் குருத்தைக் கொல்வது பிஸ்ஸோடிஸ் ஸ்ட்ரோபி. இவை பைன், ஸ்ப்ரூஸ் காடுகளின் வண்டுகள்.

அரவுக்கேரியாவுக்கென்று தனிக் கூன்வண்டுகள் அதன் தாய்நிலங்களில் உண்டு. நியூ கினியாவில் வனாபா ஓபர்துரி என்ற பெரிய வண்டின் புழு ஹூப் பைன் என்னும் அரவுக்கேரியாவின் தண்டைத் துளைக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஈசியோட்டஸ் நோட்டபிலிஸ், கிளை வெட்டிய காயங்களில் முட்டையிடுகிறது; புழு பட்டைக்கடியில் தின்கிறது.

குமரி முற்றத்து மரத்தில் எதிர்பார்க்க வேண்டியது இவற்றை விட மிகச் சாதாரணமானது: மில்லோசெரஸ் பேரினத்தின் சாம்பல் கூன்வண்டுகள். மூக்கு குட்டையாக, அகன்று இருக்கும். உடல் முழுவதும் சாம்பல், வெண்மை அல்லது இளம்பச்சைச் செதில்கள். முதுகை மூடும் தடித்த முன்னிறக்கையின் தோள் மார்பை விட அகலம். தொடையின் உட்புறம் முள் இருக்கும். என்டிமினே என்ற பெரிய துணைக்குடும்பத்தைச் சேர்ந்த இவை ஒரே செடியை நம்பி வாழ்வதில்லை. மா, செம்பருத்தி, கத்தரி, பருத்தி என்று கண்டதைத் தின்னும். இலை விளிம்பை உள்நோக்கி அரித்து வெட்டுகள் போடும். முட்டை மண்ணில் விழும். புழு மண்ணுக்குள் வேரைத் தின்னும்.

இந்தக் குழுவுக்கு ஒரு அழகான அடையாளம் உண்டு. கூட்டுப்புழுப் பருவத்திலிருந்து வெளிவரும் வண்டுக்குத் தாடையில் ஒரு தற்காலிகக் கொம்பு இருக்கும். மண்ணறையை உடைத்து வெளியே வந்ததும் அது உதிர்ந்து தாடையின் முகப்பில் ஒரு தழும்பு நிற்கும். பத்து மடங்கு லென்ஸில் முகத்தை நேராகப் பார்த்தால் தழும்பு தெரியும். ஒரு நல்ல முன்முகப் படம் பாதிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும் என்று சொல்வது இதனால்தான்.

நிறத்தை நம்புவதில் ஒரு ஆபத்து: நிறம் இருப்பது செதிலில். வயதான வண்டில் செதில்கள் தேய்ந்து உதிர்ந்துவிடும். பச்சையாகப் பிறந்த வண்டு இரண்டு மாதத்தில் கறுத்துத் தெரியலாம். விரலால் பிடித்துத் தேய்த்தாலும் இதே கதிதான். ஒரே மரத்தில் 'சாம்பல் இனம்', 'கறுப்பு இனம்' என்று இரண்டு எழுதும் முன், முன்னிறக்கையின் ஓரங்களிலும் கால் மடிப்புகளிலும் செதில் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

## இருந்ததா, வாழ்ந்ததா?

சாம்பல் கூன்வண்டு எதன் மேலும் உட்காரும். மாமரத்துக்கு அடுத்து நிற்கும் அரவுக்கேரியாவில் காற்று அடித்த மறுநாள் பத்து வண்டுகள் இருக்கலாம். அதனால் பதிவில் உறவின் தரத்தைத் தெளிவாகக் குறிக்க வேண்டும். கீழிருந்து மேலாக ஐந்து படிகள்:

1. வண்டு மரத்தின் மேல் இருந்தது.
2. மரத்தில் தின்ற தழும்புகளும் இருந்தன, வண்டும் இருந்தது, தின்றதைப் பார்க்கவில்லை.
3. வண்டு தின்பதைப் பார்த்தோம். படமோ காணொளியோ இருக்கிறது.
4. மரத்தின் பட்டை, தண்டு, கூம்பு, வேர் ஆகிய ஒன்றில் புழு இருந்தது.
5. அந்தப் புழுவை அதே மரத்தின் துண்டில் வளர்த்து, வெளிவந்த வண்டை இனங்கண்டோம்.

வீட்டு முற்றத்துப் பதிவுகளில் பெரும்பாலானவை முதல் படி. அதில் குறைவில்லை, முதல் படி என்று எழுதப்பட்டால் அது நேர்மையான, பயனுள்ள பதிவு. அதையே 'அரவுக்கேரியாவின் புதிய பூச்சி' என்று ஐந்தாம் படிபோல எழுதும்போதுதான் கெடுதல். ஒரு பட்டியலில் ஏறிய தவறான உணவுத் தாவரம் அடுத்தடுத்த பட்டியல்களில் நகலாகிக்கொண்டே போகும். எடுப்பது எளிதில்லை.

இரண்டாம் படியிலிருந்து மூன்றாம் படிக்கு ஏற ஒரு எளிய சோதனை உண்டு. மூடியில் வலைத்துணி வைத்த இரண்டு டப்பாக்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் ஈரத் தாள். ஒன்றில் மூன்று வண்டுகளும் சந்தேகப்படும் மரத்தின் புது கிளைநுனியும். இரண்டாவதில் வண்டில்லாமல் அதே கிளைநுனி மட்டும். வைக்கும் முன் இரண்டு கிளைகளையும் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பழைய தழும்புகள் இருந்தால் அவை புதியவையோடு கலந்துவிடும். நிழலில் 48 மணி நேரம் வைத்து மறுபடி படம் எடுங்கள். வண்டுள்ள டப்பாவில் மட்டும் புதிய வெட்டுகளும் எச்சத் துகள்களும் இருந்தால், அடைத்து வைத்தபோது தின்றது என்று எழுதலாம்.

'அடைத்து வைத்தபோது' என்ற சொல்லை விடக்கூடாது. வேறு வழியில்லாத பசியில் எதையும் கொறிக்கும் பூச்சிகள் உண்டு. பக்கத்து மாமரத்தின் தளிரையும் சேர்த்து மூன்றாவது டப்பாவில் வைத்தால் எதை விரும்புகிறது என்று தெரியும். மா இலை அரிக்கப்பட்டு அரவுக்கேரியா தொடப்படாமல் இருந்தால் கதை அதோடு முடிந்தது.

நான்காம் படியில் ஒரு கண்ணி இருக்கிறது. சாம்பல் கூன்வண்டின் புழு மண்ணில் வாழ்வதால் கிளையை எவ்வளவு பிளந்தாலும் கிடைக்காது. தொட்டிச் செடியாக இருந்தால் வேர்ப்பகுதி மண்ணை 15 சென்டிமீட்டர் ஆழம்வரை எடுத்து வெள்ளைத் துணியில் உதறித் தேடலாம். அதே தொட்டியில் களை முளைத்திருந்தால் புழு எதன் வேரைத் தின்றது என்று சொல்ல முடியாது. வேரில் கடித்த தழும்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பட்டைக்கடியில் காலில்லாப் புழு கிடைத்தால் நிலைமை வேறு. அது சாம்பல் கூன்வண்டாக இருக்க முடியாது. புழு உள்ள துண்டை 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, வெட்டுமுகங்களில் மெழுகு பூசி, வலைத்துணி கட்டிய வாளியில் நிழலில் வையுங்கள். மெழுகு இல்லாவிட்டால் மரம் உலர்ந்து புழு பட்டினியில் செத்துவிடும். பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டினால் பூஞ்சை பிடித்துச் சாகும். தினமும் பாருங்கள், வண்டு வெளிவந்த தேதியைத் தனியாக எழுதுங்கள்.

## பிடிப்பதும் படமெடுப்பதும்

கூன்வண்டை நேரே கையால் எடுக்கப் போனால் காலை மடக்கிக்கொண்டு செத்ததுபோலக் கீழே விழும். புல்லில் விழுந்தால் தேட முடியாது. முதலில் கிளைக்கடியில் வெள்ளைத் துணியையோ விரித்துக் கவிழ்த்த குடையையோ பிடித்துக்கொண்டு, பிறகு கிளையைக் கம்பால் மூன்று நான்கு முறை சுருக்கென்று தட்டுங்கள். விழுந்தவை ஓரிரு நிமிடம் அசையாது, சருகென்று உதறிவிடாதீர்கள். எத்தனை கிளை தட்டினீர்கள், எத்தனை வண்டு விழுந்தது என்பதையும் எழுதுங்கள்.

உயிரோடு படமெடுக்க, சிறு டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் பத்து நிமிடம் வைத்தால் ஓட்டம் குறையும். தேவையான படங்கள் ஐந்து:

1. மேலிருந்து முழு உடல், அருகில் மில்லிமீட்டர் அளவுகோலுடன்.
2. சரியான பக்கவாட்டுத் தோற்றம்: மூக்கின் வளைவு, உணர்கொம்பு தொடங்கும் இடம், பள்ளம் மூன்றும் இதில்தான் தெரியும்.
3. முன்முகம்.
4. அடிவயிறு.
5. பின்தொடையும் பாதமும்.

செயலிகள் குழம்புவதற்கு ஒரு பெரிய காரணம் முதல் படம் மட்டும் கொடுக்கப்படுவது. இன்னொரு காரணம், ஐரோப்பிய, அமெரிக்க வண்டுகளின் படங்கள் அவற்றிடம் குவிந்திருக்க, நம் பகுதி இனங்களின் படங்கள் குறைவாக இருப்பது. செயலி சொல்லும் பெயரைக் குடும்ப அளவில் ஏற்கலாம். இன அளவில் ஏற்பதற்கு வேறு ஆதாரம் வேண்டும்.

## மாதிரி தேவையா?

பொதுப் பதிவுக்குப் படம் போதும். இனத்தின் பெயரை உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் மாதிரி தேவை. நெருங்கிய இனங்கள் பலவற்றை ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். அரிசியில் வரும் வண்டையும் அதன் நெருங்கிய உறவான மக்காச்சோள வண்டையும் நம்பிக்கையாகப் பிரிக்கவே அதுதான் வழி. ஒரே இடத்திலிருந்து நான்கைந்து வண்டுகள் எடுத்தால் ஆண், பெண் இரண்டும் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

கொல்ல எளிய வழி உறைபெட்டியில் இரண்டு நாள் வைப்பது. ஒரு நாளில் எடுத்தால் சில எழுந்து நடக்கும். செதில் நிறம் முக்கியமான வண்டுகளை உலர்ந்த மாதிரியாக வையுங்கள். சாராயத்தில் போட்டால் செதில் மங்கி, எண்ணெய்ப் பசை ஏறியதுபோல ஆகும். டி.என்.ஏ. பார்க்க வேண்டுமென்றால் ஒரு வண்டை மட்டும் 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் போட்டுக் குளிரில் வையுங்கள். புழுவை நேரே சாராயத்தில் போட்டால் கறுத்துவிடும்; கொதித்த நீரில் ஒரு நிமிடம் வைத்துவிட்டு 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள்.

பெரிய வண்டுக்கு ஊசி வலது முன்னிறக்கை வழியே இறங்க வேண்டும். சிறியவற்றைக் குத்தக்கூடாது, கூர்முக்கோணமாக வெட்டிய அட்டையின் நுனியில் மிகச் சிறு துளி பசை வைத்து மார்பின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். அடிவயிற்றில் பசை பரவினால் பார்க்க வேண்டிய பகுதி மறைந்துவிடும்.

குமரியில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்வதால் மாதிரிக்கு முதல் எதிரி பூஞ்சை. புதிதாகக் குத்திய வண்டை ஜூன் மாத ஈரக்காற்றில் திறந்து வைத்தால் ஒரு வாரத்தில் வெண்பூஞ்சை படரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு உலர்த்தி, அது நிறம் மாறியதும் வறுத்து மறுபடி போடுங்கள். எறும்பு ஏறாமலிருக்க டப்பாவை நீர்த் தட்டின் நடுவே வைப்பது பழைய வழி. இன்றும் அதுவே நல்ல வழி.

## சீட்டில் எழுத வேண்டியவை

சீட்டு இல்லாத வண்டு வெறும் செத்த பூச்சி. ஒவ்வொரு மாதிரிக்கும் இவை வேண்டும்:

1. நாடு, மாநிலம், மாவட்டம், ஊர், ஊருக்குள் இடம்.
2. அகலாங்கு, நெட்டாங்கு. தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் சுமார் 110 மீட்டர் துல்லியம். நான்கு இலக்கம் சுமார் 11 மீட்டர்.
3. கடல்மட்டத்திலிருந்து உயரம்.
4. தேதி. 5/6 என்று எழுதினால் ஜூன் 5-ஆ, மே 6-ஆ என்று தெரியாது; மாதத்தைப் பெயரால் எழுதுங்கள்.
5. சேகரித்தவர், சேகரித்த முறை.
6. மரத்தின் பெயர், உறவின் படி, படங்களின் எண்.

அகலாங்கையும் நெட்டாங்கையும் இடம் மாற்றி எழுதுவது ஒரு பொதுவான பிழை. நாகர்கோவில் ஏறத்தாழ 8.18 வடக்கு, 77.41 கிழக்கு. மாற்றி எழுதினால் உங்கள் வண்டு ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும். எழுதிய எண்ணை வரைபடத்தில் போட்டுப் பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

பால்பாயிண்ட் மை எத்தனாலில் கரைந்துவிடும். குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டிய சீட்டு மழைக்காலத்தில் உரிந்துவிடும்.

## பெயரை உறுதி செய்வது யார்?

படங்களை ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் போன்ற தளங்களில் ஏற்றலாம். அங்கே கிடைக்கும் பெயர் பலர் சேர்ந்து சொன்ன கருத்து. அருங்காட்சியக ஒப்பீடு வேறு. மாதிரியை இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சென்னை மையம், பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் அமைப்பு, கோயம்புத்தூரில் வன மரபியல் மற்றும் மர வளர்ப்பு நிறுவனம், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பூச்சியியலாளர்களிடம் முன்கூட்டிக் கேட்டுவிட்டு அனுப்பலாம். இந்தியக் குறுமூக்குக் கூன்வண்டுகளை இனங்காணும் திறவுகோல்களை கை மார்ஷல் 1916-இல் வெளியிட்டார். இன்றும் அவற்றிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பெயர்கள் பல பிறகு மாறியிருப்பதால் அங்கே கண்ட பெயரை அப்படியே எழுதிவிடக்கூடாது.

டி.என்.ஏ. பார்த்துவிட்டால் தீர்ப்பு வந்துவிடும் என்ற நம்பிக்கையும் முழுச் சரியில்லை. ஒப்பிட வேண்டிய இனம் தரவுத்தளத்தில் இல்லாவிட்டால் கணினி அதற்கு மிக அருகிலுள்ள வேறு இனத்தைக் காட்டும். அருகில் இருப்பது அதுவே என்று ஆகாது.

சட்டத்தையும் கவனியுங்கள். கன்னியாகுமரி வனஉயிரினச் சரணாலயத்துக்குள் ஒரு வண்டை எடுப்பதற்கும் வனத்துறையின் எழுத்துமூல அனுமதி வேண்டும். நாகேயா போன்ற மரங்கள் நிற்பது இப்படிப்பட்ட காடுகளில்தான் என்பதால் இது முக்கியம். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி, புதிய இனம் ஒன்றைக் கண்டறிந்தவர் அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் மாதிரியை ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டு நிபுணருக்கு மாதிரி அனுப்புவதும் இதே சட்டத்தின் கீழ் வருகிறது. உறையில் போட்டு அஞ்சலில் அனுப்பிவிடாதீர்கள்.

## இதனால் என்ன மாறும்?

சாம்பல் கூன்வண்டு என்று தெரிந்தால் முற்றத்து அரவுக்கேரியாவுக்கு மருந்து அடிக்கத் தேவையில்லை. மேலே அடிக்கும் மருந்து மண்ணிலுள்ள புழுவைத் தொடாது. அடுத்த வாரம் பக்கத்து மாமரத்திலிருந்து வேறு வண்டுகள் வந்து உட்காரும். மரத்தின் உச்சி காய்கிறதென்றால் உப்புக்காற்று, வேர் சுருண்ட தொட்டிச் செடி, நீர் தேங்கிய குழி, கறையான் ஆகியவற்றை முதலில் பாருங்கள். கிளையில் வண்டு இருப்பது மட்டும் காய்ந்ததற்குச் சான்றாகாது.

ஆனால் பட்டைக்கடியில் காலில்லாப் புழு, பிசின் வடியும் காயம், உருண்டையான வெளியேறும் துளை மூன்றும் ஓர் அரவுக்கேரியாவில் சேர்ந்து தெரிந்தால் அந்தக் கட்டையை வேறிடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். படங்களோடு வேளாண் அல்லது வன அலுவலருக்குத் தெரிவியுங்கள். கூன்வண்டுகள் தொட்டி மண்ணிலும் கட்டையிலும் ஏறிக் கடல் கடக்கின்றன. இலங்கையைத் தாயகமாகக் கொண்ட மில்லோசெரஸ் அண்டாட்டஸ் 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாவில் கண்டறியப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட செடி வகைகளில் பரவிவிட்டது. அங்கே அது வந்ததைச் சொன்னது வண்டோடு கூடிய முறையான பதிவுதான்.

தொடர்ந்து கவனிக்க நினைப்பவர்கள் ஒரு மரத்தைத் தேர்ந்து, கைக்கெட்டும் பத்துக் கிளைகளுக்கு நூல் கட்டி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதே பத்தையும் தட்டிப் பாருங்கள். முதல் மழையில் மண் இளகிய பிறகான வாரங்களை விட்டுவிடாதீர்கள். ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் அந்த வாய்ப்பு இரண்டு முறை வருகிறது. வண்டு விழாத நாளில் நோட்டில் 0 என்று எழுதுங்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டால், பிறகு படிப்பவர் அன்று நீங்கள் பார்க்கவே இல்லை என்று எடுத்துக்கொள்வார்.